பயிலுநருக்கு மூன்று வருட அனுபவமாம்

அந்த வேலை விளம்பரத்தை நேற்று முழுக்க எல்லாரும் பகிர்ந்துவிட்டீர்கள், நான் திரும்பப் போடவில்லை. பதவி பயிலுநர் கிளவுட் பொறியாளர், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேட்பது மூன்று வருட அனுபவம், அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசொஃப்டின் அஷூர், கூகிள் என்று மூன்று கிளவுட்டும், அவற்றின் மேல் மென்பொருளை ஓட்டும் குபெர்னெட்டிஸ், சேர்வர்களைக் கோட் எழுதி அமைக்கும் டெராஃபோம். மூன்று வருடம் இதையெல்லாம் ஓட்டியவன் ஏன் ஐயா பயிலுநராக வரப்போகிறான்?

நான் சொல்வது ஒன்றுதான். அனுபவம் வேலை கொடுக்கிறவர் கொடுக்க வேண்டியது. புதிதாக வருகிற பிள்ளையிடம் அடிப்படையைக் கேளுங்கள். லினக்ஸ் சேர்வர் ஒன்று விழுந்தால் முதலில் எந்த லொக்கை, அதாவது நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பை, திறப்பாய்? நெட்வொர்க்கைச் சப்நெட் என்ற சிறு துண்டுகளாக எப்படிப் பிரிப்பாய்? தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பிழையாகிப் போனால் எப்படிப் பிடிப்பாய்? யாருக்கு எந்த அனுமதி கொடுப்பாய், யாருக்குக் கொடுக்கமாட்டாய்? இவ்வளவும் விளங்கிய பிள்ளைக்கு மீதியை ஆறு மாதத்தில் பழக்கலாம். இது தெரியாமல் மூன்று கிளவுட்டின் சேவைப் பெயர்களையும் பாடமாக்கி வருகிறவன், இரவு இரண்டு மணிக்கு உங்களுக்குத்தான் போன் எடுப்பான்.

"பெடியள் சேர்டிபிகேட் மட்டும்தான் சேர்க்கிறார்கள்" என்று வேலை கொடுக்கிற நீங்கள் சொல்வீர்கள். சரி, சிலர் அப்படித்தான். ஆனால் யார் கேட்டுச் சேர்க்கிறார்கள்? ஏடபிள்யூஎஸ்ஸின் ஆரம்பப் பரீட்சைக்கு 100 டொலர், அடுத்த படியான அசோசியேட்டுக்கு 150. மூன்று வருடத்தில் அதுவும் காலாவதி. பிறகு நேர்முகத்தில் "வெறும் சேர்டிபிகேட்தானே" என்று நீங்களே சொல்வீர்கள்.

"வீட்டிலிருந்தே இலவசமாகப் பழகலாமே" என்று சொல்கிறவர்களுக்கு என் கதை. 2022. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம். எங்கள் வீட்டில் இல்லாத நேரம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சின்னம்மா வீட்டில் இருக்கும். லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போவேன், பெற்றோலும் இல்லைத்தானே. பழகுவதற்கென்று ஏடபிள்யூஎஸ்ஸில் நட் கேட்வே ஒன்று, அதாவது உள்ளே இருக்கும் சேர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல், போட்டேன், அணைக்க மறந்துவிட்டேன். அது சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் காசு ஏறும். மாத முடிவில் 30 டொலருக்கு மேல். டொலர் அப்போது 360 ரூபாயைத் தாண்டியிருந்தது. கார்ட் கனடாவில் இருக்கும் மாமாவுடையது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கூட வெட்கம். அன்றிலிருந்து எந்தக் கணக்கைத் திறந்தாலும் முதல் வேலை, செலவு கூடினால் அறிவிக்கும் பட்ஜெட் அலேர்ட். இது அனுபவம் இல்லையா? சீவியில் இதை எந்தத் தலைப்பில் போடுவது?

"கொம்பனி என்ன தர்மச்சத்திரமா?" இல்லை. தர்மம் யார் கேட்டது?

கொழும்பில் ஒரு நேர்முகம். இரவு பஸ்ஸில் போய், விடிய வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, சேட் மாற்றிக்கொண்டு போனேன். "யாழ்ப்பாணத்தில் நீங்கள் எங்கே புரொடக்ஷன் பார்த்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு நேர்முகம் எடுத்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். புரொடக்ஷன் என்றால் உண்மையான பாவனையாளர்கள் பாவிக்கும் சிஸ்டம். சேர்வர் இருப்பது மும்பையிலோ சிங்கப்பூரிலோ. கொழும்பிலிருந்து மட்டும் என்ன கையாலா தொடுகிறீர்கள்? கோண்டாவிலில் இருந்து அடித்தாலும் அதே கட்டளைதான், அதே திரைதான்.

அன்று இதைக் கேட்கவில்லை. தாங்ஸ் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். மூன்று வருடம் கழித்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

நேற்று இரவு தெரிந்த தம்பி ஒருவன் அதே விளம்பரத்தை அனுப்பி, "அண்ணை, நான் அப்ளிக்கேஷன் போடட்டோ?" என்று கேட்டான். போடு என்றேன். வேறு என்ன சொல்ல?