பத்மநாபபுரத்தில் யாருடைய கதையைக் கேட்கிறோம்?

குமரி மாவட்டத்தில், திருவிதாங்கூர் ராஜாக்கள் வாழ்ந்த பத்மநாபபுரம் அரண்மனைப் படம் ஒன்றை இணையத்தில் போட்டால் போதும், "எங்க மண்ணுல இருக்கு, கேரளாக்காரன் எதுக்கு வச்சிருக்கான்?" என்று கீழே சண்டை தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். மரத்தால் ஆன இவ்வளவு பெரிய கட்டடத்தை, இந்த மழைக்கும் கரையானுக்கும் நடுவே நிற்க வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிய காரியம். எனக்கு வேறொரு குறை.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே தொங்கும் குதிரைவீரன் விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும், அப்படி ஒரு சங்கிலி. மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் தரை கறுப்பாகப் பளபளக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். இன்றைக்கு லட்சம் லட்சமாகக் கொட்டிப் போடுகிற டைல்ஸில் அது கிடைக்காது.

அடுத்து ஊட்டுப்புரை, அதாவது சாப்பாட்டுக் கூடம். கீழே 1000 பேர், மேலே 1000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றதும் கூட்டம் வாயைப் பிளக்கும். "அந்தக் காலத்து ராஜா எவ்வளவு தர்மவான் பாருடா" என்று அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். யாருக்குப் போட்ட சாப்பாடு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கானவை. அந்த அரிசியை விளைவித்தவனும், தலைவரி கட்டிய பனையேறியும், கூலியில்லாமல் ஊழியம் செய்தவனும் அந்தப் பந்தியில் உட்கார முடியாது. பக்கத்தில் வரவே முடியாது.

நவராத்திரி மண்டபத்தில் அரண்மனைப் பெண்கள் வெளியாள் கண்ணில் படாமல் கச்சேரி கேட்க மரச்சட்டம் வைத்த அறை இருக்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அரச குடும்பத்துப் பெண்ணின் முகம்கூட வெளியே தெரியக்கூடாது. அதே ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்தால் குற்றம். 1829-ல் அரசே தடை உத்தரவு போட்டது. அரண்மனை இருக்கும் இந்தக் கல்குளம் பக்கத்துச் சந்தைகளிலும் தெருக்களிலும்தான் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-ல் அனுமதி வந்தது. அப்போதும் 'மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக்கூடாது' என்ற நிபந்தனையோடுதான்.

"தலைநகரம் 1795-லேயே திருவனந்தபுரம் போய்விட்டதே, இந்த அரண்மனையை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று ஒரு அண்ணாச்சி நிச்சயம் வருவார். நியாயமான கேள்விதான், அண்ணாச்சி. ஆனால் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மர் குளச்சலில் டச்சுக்காரனை 1741-ல் தோற்கடித்த பெருமையை அந்தக் கட்டடத்துக்குள் நின்று சொல்கிறோம் இல்லையா? போர் நடந்தது என்னவோ கடற்கரையில்தான். பெருமை மட்டும் அரண்மனை வரைக்கும் நடந்து வரும், அவமானம் வராது என்றால் எப்படி?

அரண்மனையை மூடு, இடி என்று சொல்லும் ஆள் நான் இல்லை. பிள்ளைகளை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். மூலிகை மரங்களை இழைத்துச் செய்த கட்டிலைக் காட்டுங்கள். அப்படியே ஊட்டுப்புரையில் ஐந்து நிமிஷம் நிறுத்தி, இந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் அதே நாளில் அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி இருக்கும் சாமித்தோப்புக்கும் போய்விட்டு வாருங்கள். 'தலைப்பாகை கட்டு, நிமிர்ந்து நில்' என்று ஒடுக்கப்பட்ட சனங்களிடம் சொன்னவர் அவர். சுவாதித் திருநாள் ராஜாவாக இருந்த காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். சாமித்தோப்பில் இன்றைக்கும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

தக்கலையில் இறங்கினால் அரண்மனை இரண்டு கிலோமீட்டர்தான். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.