சீலர் வேண்டாம்ங்கறது எல்லா கிரானைட்டுக்கும் பொருந்தாது

"நம்ம கிருஷ்ணகிரி கல்லுல எண்ணெய் இறங்காது, சீலர் அடிக்கச் சொல்றது காசு பிடுங்கற வேலை"ன்னு சமையல் மேடை கிரானைட் பத்தின பதிவுல எழுதியிருக்கீங்க. சீலர்ங்கறது கறை இறங்காம இருக்கக் கல்லுல பூசற திரவம். துளை குறைஞ்ச, நெருக்கமான கறுப்புக் கல்லுக்கு நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான். ஆனா பாரடைசோ மாதிரி பல நிறம் கலந்த கல், வெளிர் நிறக் கல் இதுக்கெல்லாம் அப்படிச் சொல்லாதீங்க, நம்பி விட்டவங்க மேடை பாழாயிடும்.

மேடைக்கு ஸ்லாப் (பெரிய பலகைக் கல்) எடுக்கும்போதே அதே கல்லுல ஒரு துண்டு வாங்குங்க. பாலிஷ் பக்கம் நாலஞ்சு சொட்டுத் தண்ணி விட்டு, 15 நிமிஷம் கழிச்சுத் துடைங்க. சொட்டு இருந்த இடம் வட்டமா கருத்திருந்தா கல் உறிஞ்சுதுன்னு அர்த்தம். தண்ணி காய்ஞ்சு மறைஞ்சிடும். தாளிக்கிற எண்ணெயும் மஞ்சளும் அப்படிப் போகாது.

அப்படி உறிஞ்சற கல்லுக்கு அடிக்கிற சீலர், கல்லுக்குள்ள இறங்கற வகையா இருக்கணும். மேடையைக் கழுவி குறைஞ்சது ஒரு நாள் காயவிடுங்க, ஈரம் இருந்தா சீலர் உள்ளே போகாது. பூசின பிறகு, டப்பாவுல எழுதியிருக்கற நேரம் ஆனதும் மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடணும். விட்டா மேலேயே காய்ஞ்சு மங்கலா படலம் கட்டும், பலரும் கெடுத்துக்கறது இங்கேதான். சிங்குக்கு வெட்டின ஓரத்துல பெரும்பாலும் பாலிஷ் இருக்காது, தண்ணி முதல்ல ஏறுற இடம் அது. சிங்க் மாட்டறதுக்கு முன்னாடியே அங்கேயும் பூசச் சொல்லுங்க.

தர்மபுரி பக்கம் போர் தண்ணி உப்பு குழாயடியில வெள்ளையா படியும், அதை சீலர் தடுக்காது. ராத்திரி மேடையைத் துடைச்சு உலர விடுங்க, பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊத்தாதீங்க.