அடுப்பு கட்டப் போன பிள்ளைங்க

ரெண்டு வாரமா மனசுக்குள்ளயே வச்சு உருட்டிட்டு இருந்தேன், இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க ஹூஸ்டன்ல இருக்கோம். எங்க சர்ச்சுல நம்ம ஆளுங்க ஒரு இருபது குடும்பம், மத்தபடி எல்லா நாட்டுக்காரங்களும் உண்டு. இந்த ஜூலைல யூத் பிள்ளைங்க பதிமூணு பேர் ஒன்பது நாள் மிஷன் ட்ரிப்புன்னு, அதாவது ஊழியமும் உதவி வேலையும் செய்ய, மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்குற குவாத்தமாலாவுக்குப் போனாங்க. எல்லாம் பதினஞ்சுல இருந்து பதினெட்டு வயசுக்குள்ள, என் மகளும் ஒருத்தி, அவளுக்குப் பதினாறு. பொம்பளப் பிள்ளைங்களுக்குத் துணையா ஒரு பெரியவங்க வேணும்னு கேட்டாங்க, நானும் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

திரும்பி வந்த மறு ஞாயிறு சாட்சி சொல்ற நேரம். ஒவ்வொரு பிள்ளையா மைக் கிட்ட வந்து பேசுச்சு. பதிமூணு பேர்ல பத்துப் பேராவது ஒரே மாதிரிதான் சொன்னாங்க. "அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. நாம எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டவங்கன்னு அங்க போய்தான் புரிஞ்சுது." சபை ஆமென் சொல்லுது, முன் வரிசைல ஒரு பாட்டி கண்ணைத் துடைக்கிறாங்க. பிள்ளைங்க மேல எனக்குக் கோபமே இல்ல, அதுங்க மனசார சொல்லுதுங்க. ஆனா அந்த வார்த்தை என் காதுல விழுந்ததும் எனக்கு நெஞ்சு அடைச்ச மாதிரி ஆயிட்டு.

ஏன்னா அதே வார்த்தைய என்னைப் பாத்தும் ஒருத்தங்க சொல்லியிருக்காங்க.

எனக்கு அப்ப ஒன்பது வயசு இருக்கும், 1986. எங்க ஊரு நாசரேத் பக்கம் ஒரு சின்னக் கிராமம். வெளிநாட்டுல இருந்து விருந்தாளிங்க வர்றாங்கன்னு ஸ்கூல் பாதி நாள் லீவு, எங்களை எண்ணெய் தேய்ச்சுத் தலை வாரி எங்க ஊரு சர்ச்சு வாசல்ல வரிசையா நிறுத்தி, பாட்டுப் பாடச் சொல்லி, சிரிச்ச முகமா நிக்கணும்னு டீச்சர் ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாங்க. மாலை போட்டோம், போட்டோ எடுத்தாங்க. ஒரு அம்மா என் கன்னத்தைப் பிடிச்சு ஏதோ சொன்னாங்க, டீச்சர் தமிழ்ல சொன்னாங்க: "உங்ககிட்ட ஒண்ணும் இல்லாட்டியும் நீங்க எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்கன்னு அவங்க ஆச்சரியப்படுறாங்க." அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணைல உக்காந்து சுத்திச் சுத்திப் பாத்தேன். அப்பாவோட சைக்கிள், ரேடியோ, ரெண்டு ஆடு, பின்னால முருங்கை, ஆச்சியோட அம்மி. நம்மகிட்டயா ஒண்ணும் இல்லங்குறாங்க? அந்த நாள் வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் இல்லங்குறதே எனக்குத் தெரியாது. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு உள்ள போன முள்ளு நாப்பது வருஷம் ஆகியும் அங்கயே கிடக்கு.

சரி, குவாத்தமாலாவுக்கு வர்றேன். ஹூஸ்டன்ல இருந்து ஃப்ளைட்ல மூணு மணி நேரம்தான். அங்க இருந்து மலை மேல சிமால்தெனாங்கோ பக்கம் ஒரு ஊரு, கக்சிக்கேல்னு ஒரு மாயா இனத்து மக்கள். அந்த நாட்டுல இருபதுக்கும் மேல மாயா மொழிங்க இருக்கு, ஸ்பானிஷ் அவங்களுக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கிற பாஷைதான். எங்க வேலை அடுப்பு கட்டுறது. அங்க இன்னும் நிறைய வீட்டுல மூணு கல்லு வச்சு வீட்டுக்குள்ளயேதான் விறகு எரிக்கிறாங்க, மலைக்குளிருக்கு கதவையும் சாத்திடுவாங்க, புகை பூரா தாய்க்கும் பிள்ளைக்கும் நெஞ்சுல போகுது, தவழ்ற குழந்தைங்க நெருப்புல கைய வச்சிடுதுங்க. சிமெண்ட் கல்லு வச்சு, மேல இரும்புத் தகடு போட்டு, புகைக்கூண்டு வச்சுக் கட்டிக் கொடுத்தா விறகும் குறையும் புகையும் வெளிய போயிரும். நல்ல வேலை. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல.

முதல் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைங்க மூக்கைப் பொத்திட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்குதுங்க, நான் அப்படியே நின்னுட்டேன். கரி பிடிச்ச சுவரு, ஓரமா ஒரு அம்மி. நம்ம அம்மிதான், கொஞ்சம் சரிவா மூணு கால் வச்சது, குழவிய ரெண்டு கையாலயும் பிடிச்சு மண்டி போட்டு அரைக்கிறாங்க, சுண்ணாம்புத் தண்ணில வேக வச்ச மக்காச்சோளம். அந்தப் பாட்டி மாவை உருட்டி உள்ளங்கைல வச்சு மாத்தி மாத்தித் தட்டினாங்க, டப் டப்னு ஒரே தாளம், அடை தட்டுற மாதிரி, ஆனா இலை கிடையாது, எண்ணெய் கிடையாது, கையிலயே வட்டம் வந்துடுது. என் மகளும் தட்டிப் பாத்தா, நாலும் பிஞ்சு போச்சு. அஞ்சாவதுக்குப் பாட்டி எழுந்து வந்து பின்னால நின்னு இவ ரெண்டு கையையும் தன் கைக்குள்ள வச்சுத் தட்டிக் காட்டினாங்க. அவங்க உள்ளங்கை எவ்வளவு சொரசொரப்பா இருந்துச்சுன்னு மகள் இன்னும் சொல்லிட்டே இருக்கா. ஒண்ணுமே இல்லாதவங்களாம். அந்தக் கையில என்ன வேலை இருக்குன்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

அங்க வேலைக்கு ஒரு கொத்தனார் வந்தாரு, கூட அவரு மகன், பதினாறு வயசு, சித்தாள் வேலை. அதாவது வழக்கமா அவந்தான் சித்தாள். இந்த ஒரு வாரம் கலவை போடுறது, கல்லு எடுத்துக் கொடுக்கிறது எல்லாம் எங்க பிள்ளைங்க செஞ்சதால அவன் ஓரமா நின்னு தண்ணி ஊத்திக் கொடுத்துட்டு இருந்தான். அவனுக்கு அந்த வாரக் கூலி உண்டா இல்லையான்னு எங்க டீம்ல யாருமே கேக்கல, நானும் கேக்கல, அது என் தப்பு. என் மகதான் மூணாவது நாள் கேட்டா. பாதிக் கூலிதானாம்.

அப்புறம் ரெண்டும் ஸ்பானிஷ்ல பேச ஆரம்பிச்சாச்சு, இவளுக்கும் அது ஸ்கூல் பாஷை, அவனுக்கும் அது ஸ்கூல் பாஷை. ஆறாம் வகுப்போட படிப்பை நிறுத்திட்டானாம். அண்ணன் ஹூஸ்டன்லதான் இருக்கான், கூரை வேலை. வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, பேப்பர் இல்லாம போனதால திரும்பி வந்தா மறுபடி போக முடியாது. அந்தப் பையன் என் மககிட்ட கேட்டான், "வெயில்ல கூரை மேல நின்னா ஷூ அடி உருகும்னு அண்ணன் சொல்றான், நிஜமாவா?" இவளுக்குப் பதில் சொல்லத் தெரியல. எங்க வீட்டுக் கூரையையும் ரெண்டு வருஷம் முன்னால மாத்தினோம், ஆகஸ்ட் மாசம், அஞ்சாறு பேர் வந்து மூணு நாள் மேல நின்னாங்க, ஒருத்தர் பேரும் எங்களுக்குத் தெரியாது.

இன்னும் ரெண்டு வருஷத்துல தானும் வடக்க போயிடுவேன்னு சொன்னானாம். மெக்சிகோ முழுசும் தாண்டணும், அழைச்சிட்டுப் போறவனுக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைக்கணும், வழில என்ன வேணா நடக்கலாம். என் மக அன்னைக்கு ராத்திரி கொசுவலைக்குள்ள படுத்துட்டு என்கிட்ட, "அம்மா, நாம மூணு மணி நேரத்துல வந்துட்டோம், விசா கூடக் கேக்கல. அவனுக்கு மட்டும் ஏன் இப்படி?"ன்னு கேட்டா. எனக்கு 2004ல சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்துல அமெரிக்கத் துணைத் தூதரகத்து வாசல்ல விடியக்காலைல ஃபைலை நெஞ்சோட அணைச்சுட்டு க்யூல நின்னது ஞாபகம் வந்துச்சு. அந்தக் கவுண்டர்ல இருக்கவரு கையில நம்ம வாழ்க்கை இருக்கும். அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கின உடனே அந்தக் க்யூவை நான் எவ்வளவு சீக்கிரம் மறந்துட்டேன்.

அந்த நாட்டு வருமானத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு இப்படி வெளிய போனவங்க அனுப்புற காசு. மலைக்கிராமத்துல திடீர்னு ஒரு மூணு மாடி வீடு கலர் கலரா நிக்கும், நம்ம ஊருல துபாய் வீடு நிக்குமே, அதே மாதிரி. அந்த ஊருக்கு நிஜமாவே அடுப்பு கட்டித் தர்றது யாருன்னு யோசிங்க. ஒன்பது நாள் வந்த நாங்களா, டெக்சாஸ் வெயில்ல கூரை மேல நிக்கிற அண்ணனா?

காசு விஷயத்தையும் பேசிடறேன், ஏன்னா பிரியாணி வித்துக் காசு சேத்ததுல நானும் ஒருத்தி. ஒரு ஆளுக்கு 2,100 டாலர், பெரியவங்களோட சேத்து பதினேழு பேர். 35,000 டாலருக்கு மேல. கட்டினது ஆறு அடுப்பு, ஒரு அடுப்புக்கு சாமான் 200 டாலர் கூட வராது. 1998ல மிட்ச் புயல் பக்கத்து நாடான ஹோண்டுராஸை அழிச்ச பிறகு அங்க வீடு கட்டினதைப் பத்தி ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பேராசிரியரே ஆய்வு பண்ணியிருக்காரு, இங்கிருந்து குழுவா போய்க் கட்டின வீட்டுக்கு டிக்கெட் எல்லாம் சேத்து சராசரி 30,000 டாலர், உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டினா 2,000 டாலர். இதைச் சொன்னா, அப்ப பிள்ளைங்களை அனுப்பவே கூடாதான்னு கேப்பீங்க. அனுப்பலாம். ஆனா அது நம்ம பிள்ளைங்க கத்துக்கிறதுக்காக நாம செலவழிச்ச காசு, அந்த ஊருக்குக் கொடுத்த காணிக்கை இல்ல, அந்தக் கணக்கை மட்டும் நேர்மையா வச்சுக்குவோம்.

இன்னொண்ணு. போறதுக்கு முன்னால நாலு சனிக்கிழமை பயிற்சி வச்சாங்க, தண்ணி எப்படிக் குடிக்கணும், சாட்சி எப்படிச் சொல்லணும், குறும்நாடகம் எப்படிப் போடணும்னு. அந்த நாட்டைப் பத்தி ஒரு மணி நேரம் கூட இல்ல. 1960ல இருந்து 1996 வரைக்கும் அங்க உள்நாட்டுப் போரு, ரெண்டு லட்சம் பேர் செத்தும் காணாமயும் போனாங்க, பெரும்பாலும் மாயா மக்கள்தான். அடை தட்டிக் கொடுத்த பாட்டி அதுல யாரை இழந்தாங்களோ. சுவத்துல பழைய போட்டோ ஒண்ணு பூ வச்சு இருந்துச்சு, நான் கேக்கல. 1976 பிப்ரவரி 4 பூகம்பத்துல மட்டும் இருபத்து மூணாயிரம் பேர் போல போனாங்க, அதுக்குப் பிறகுதான் வெளிநாட்டு சபைங்க நிறைய வந்து இறங்கினது. இன்னைக்கு அங்க பத்துல நாலு பேர் போல எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவங்க, மத்தவங்கள்ல நிறைய பேர் கத்தோலிக்கர். எங்க பிள்ளைங்க இயேசுவைக் கொண்டு போறோம்னு பாட்டுப் பாடிட்டுப் போய் இறங்கின ஊருல நாங்க தங்கின தெருவுலயே மூணு சபை, காலைல நாலரைக்கே ஜெபம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை "சி தியோஸ் கியேரே"ங்குறாங்க, நம்ம ஊருல கர்த்தருக்குச் சித்தமானாங்குற மாதிரியே. அவங்க கைல இருந்த கக்சிக்கேல் புதிய ஏற்பாடு முதல்ல 1931ல வந்தது. டவுன்செண்ட்னு ஒரு அமெரிக்க இளைஞர் 1917ல ஸ்பானிஷ் பைபிள் விக்கப் போனவரு, இந்த ஜனங்க பாஷை வேறன்னு புரிஞ்சதும் வருஷக்கணக்கா அங்கயே இருந்து கத்துக்கிட்டு மொழிபெயர்த்தாரு. நம்ம தரங்கம்பாடில 1706ல வந்து இறங்கின ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல அ ஆ எழுதிக் கத்துக்கிட்ட மாதிரி. ஒன்பது நாள்ல அது ஆகாது, சரி. ஆனா போற இடத்துல மாணவனா உக்காரணும்னாவது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம்ல?

இப்ப சாட்சி நாளுக்கே திரும்பி வர்றேன். என் மக கடைசியா போனா. அடுப்பைப் பத்தி ரெண்டு வரி சொன்னா, பிறகு அந்தப் பையனைப் பத்திச் சொன்னா, பேரு சொல்லாம. "அவனும் நானும் ஒரே வயசு. நான் அவன் ஊருக்குப் போகலாம், அவன் என் ஊருக்கு வர முடியாது. இதுக்கு நான் என்ன ஜெபம் பண்ணணும்னு எனக்குத் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க." அவ்வளவுதான், இறங்கிட்டா. ஆமென் வரல. மைக்ல கரகரன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. மறுநாள் ட்ரிப் லீடர்கிட்ட இருந்து எனக்கு போன், பிள்ளை நல்லாத்தான் பேசினா, ஆனா கொஞ்சம் பாலிடிக்ஸ் மாதிரி ஆயிட்டு, அடுத்த முறை சந்தோஷமா முடிக்கச் சொல்லுங்கன்னு.

எனக்கு அழுகையே வந்துட்டு. ஒன்பது நாள்ல ஒரு பிள்ளை உண்மையா எதையாவது சுமந்துட்டு வந்திருக்குன்னா அது இதுதான். அதை இறக்கி வைன்னு சொல்றோமே. சங்கீதத்துல பாதி "எதுவரைக்கும் கர்த்தாவே"ன்னுதான இருக்கு, அதை வாசிக்கலாம், மைக்ல ஒரு பிள்ளை கேட்டா மட்டும் தப்பா?

எங்க ஆச்சி சோறு பொங்குறப்ப எல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப் பானைல போடுவாங்க, மிஷனெரி ஊழியத்துக்கு. 1903ல திருநெல்வேலில நம்ம ஆளுங்களே ஆரம்பிச்ச இந்திய மிஷனெரி சங்கம், அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு வெள்ளாளன்விளை அசரியா, அப்புறம் 1912ல இப்ப தெலங்கானால இருக்குற தோர்னக்கலுக்கு பிஷப் ஆனாரு, இந்தியர்ல முதல் ஆங்கிலிக்கன் பிஷப். அவரு 1910ல எடின்பரோ மிஷனெரி மாநாட்டுல, ஆயிரத்துக்கும் மேல வெள்ளைக்காரங்க உக்காந்திருக்க, ஆசியாக்காரங்க இருபது பேர் கூட இல்லாத சபைல எழும்பிச் சொன்னாரு: ஏழைகளைப் போஷிக்க உங்க ஆஸ்தியைக் கொடுத்தீங்க, உங்க சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீங்க, நாங்க அன்பைக் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கன்னு. அன்னைக்குப் பல பேருக்குக் கோபம் வந்துச்சாம். எங்க ஊருக்குப் பக்கத்து ஊருக்காரரு சொன்ன வார்த்தை. அதைக் கேக்குற இடத்துல இருந்த ஜனம் நாங்க, இன்னைக்குக் கொடுக்குற இடத்துக்கு வந்துட்டோம், வந்ததும் நாமளும் அடுப்பைக் கொடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு வர்றோம்.

நண்பன்னா அவனும் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அதனால சர்ச் கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த வருஷம் நாம போறதுக்குப் பதிலா அந்த ஊரு சபைல இருந்து நாலு பிள்ளைங்களும் ஒரு பெரியவங்களும் இங்க வரட்டும், ஒன்பது நாள், அதே 35,000ல பாதி கூட ஆகாது. அவங்க நமக்கு ஜெபம் பண்ணட்டும், சண்டே ஸ்கூல் எடுக்கட்டும், நம்ம சமையக்கட்டுல நின்னு அடை தட்டட்டும். விசா கிடைக்காதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. கிடைக்காமயும் போகலாம், எனக்கும் தெரியும், அழைப்புக் கடிதம் எழுதுறது நம்ம வேலை. கமிட்டில பேசுறோம்னு சொல்லியிருக்காங்க, எங்க வீட்டுல இருந்து அனுப்புற கடிதம் மட்டும் ரெடி. எத்தனை பேர், எத்தனை நாள், செலவு யாருதுன்னு நான் டைப் பண்ணேன். எங்க தங்குவாங்கங்குற இடத்துல என் மக நம்ம வீட்டு விலாசத்தைப் போட்டுட்டு, என் ரூம், நான் ஹால்ல படுத்துக்குவேன்னு எழுதியிருக்கா. அந்த வரிய எடுக்கணுமான்னு வீட்டுக்காரர் கேட்டாரு, இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.