தேர்வுக் கனவு வேறு, போர்க் கனவு வேறு
மீண்டும் மீண்டும் வரும் கனவுகளுக்கு மன அழுத்தமே காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தம் தருகிறது. தேர்வில் தோற்பதாக வரும் தேர்வுக் கனவு, அந்தத் தேர்வில் தேறியவர்களுக்கே வருவதை, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு தன் கனவு நூலில் குறிப்பிட்டிருந்தார். ஆனால் முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள், தாங்கள் கண்ட பயங்கரத்தையே கனவில் திரும்பத் திரும்பக் கண்டார்கள். கனவு என்பது ஆசை நிறைவேற்றம் என்ற தன் கொள்கைக்குள் அது அடங்கவில்லை என்று 1920-இல் ஃபிராய்டே ஒப்புக்கொண்டார்.

இப்படித் தவிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! விழித்திருக்கும்போது கனவை எழுதி, விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இது கொடுங்கனவுகளைக் குறைத்ததை 2001-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மனநல மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.