பழவேற்காட்டில் ஒரு நண்டுப் பேரம்

(ஏரிக்கரை, காலை நேரம். நண்டுக் கூடையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறார். டச்சுக் கல்லறையைப் படம் எடுக்கத்தான் பொன்னேரியில் பஸ் ஏறினேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் வருகிறார். கழுத்தில் கேமரா, கையில் மஞ்சள் பை. கல்லறைக்கு எதற்கு மஞ்சள் பை என்று நாம் கேட்க வேண்டாம்.)

வந்தவர்: அக்கா, டச்சுக் கல்லறைக்கு எந்தப் பக்கம் போகணும்?

அக்கா: அது எங்கேயும் ஓடிவிடாது தம்பி, முந்நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயேதான் கிடக்கிறது. நண்டுதான் கொஞ்ச நேரத்தில் வண்டி ஏறிவிடும்.

வந்தவர்: சும்மாதான் கேட்கிறேன், கிலோ என்ன விலை?

அக்கா: 900.

வந்தவர்: அடேயப்பா! 1613-இல் டச்சுக்காரன் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினானே, அந்தச் செலவையும் என் தலையில் கட்டுகிறீர்களா?

அக்கா: கோட்டை இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள், முள்ளும் புதரும்தான். இதைப் பாருங்கள், கால் எப்படி ஆடுகிறது!

வந்தவர்: அவன் இந்த ஊர்த் துணியை வாங்கிக் கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோய், கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றிக்கொண்டு போனான். வாங்குகிறவனுக்கும் நாலு காசு நிற்க வேண்டாமா அக்கா?

அக்கா: நீங்கள் நண்டைக் கொடுத்துக் கிராம்பு வாங்கப் போகிறீர்களா? வீட்டில் குழம்புதானே வைக்கப் போகிறீர்கள்?

வந்தவர்: சரி, 600.

அக்கா: கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். 600-க்குக் கேட்டு நின்ற ஆள்தான் அது.

வந்தவர்: வெயில் ஏறட்டும், நீங்களே இறங்கி வருவீர்கள்.

அக்கா: பள்ளிவாசலில் நிழலை வைத்து மணி பார்க்கிற கடிகாரம் இருக்கிறது, அங்கே போய் நில்லுங்கள். இது சிங்கப்பூர் போகிற களி நண்டு, சேற்றில் வளர்கிறது. நிழல் ஒரு விரல் நகர்வதற்குள் ஏஜெண்டு வந்து அள்ளிவிடுவார்.

வந்தவர்: ஓகோ! நல்லதெல்லாம் சிங்கப்பூருக்கு, சதையில்லாத தண்ணி நண்டு எனக்கா? நேற்றுப் பௌர்ணமி வேறு, பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்பார்களே.

அக்கா: சந்தேகமா? அடியில் அமுக்கிப் பாருங்கள். ஓடு கழற்றின நண்டு என்றால் உள்ளே போகும்.

(அமுக்குகிறார். அமுங்கவில்லை. முகத்தில் வருத்தம், நண்டு நன்றாக இருப்பதற்கு வருத்தப்படுகிறவரை இங்கேதான் பார்க்கலாம்.)

வந்தவர்: அப்போ அந்த இறாலாவது குறைத்துக் கொடுப்பீர்களா?

அக்கா: அது கையால் தடவிப் பிடித்தது. பெண்கள் தண்ணீரில் இறங்கி, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். வாயில் பறி இருந்தால் பேரம் பேச வாய் ஏது? அதனால் அதற்கு ஒரே விலை.

வந்தவர்: பக்கத்துக் கூடையில் கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா: தாராளமாக. இந்த ஏரியில் பாடு முறை. எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர் வலை போடுவது என்று முறை வைத்துத்தான் நடக்கும். இன்றைக்கு எங்கள் ஊர் முறை. அந்தக் கூடை என் நாத்தனாருடையது. அவள் 950 சொல்வாள்.

(நாத்தனார் தலையாட்டுகிறார். கேட்காமலேயே.)

வந்தவர்: சரி, தோற்றேன். இந்த இரண்டைப் போடுங்கள்.

அக்கா: 1 கிலோ 200.

வந்தவர்: நில்லுங்கள்! கொடுக்கைக் கட்டின கயிறு ஈரமாகத் தடியாக இருக்கிறதே. அதற்கும் சேர்த்தா 900? டச்சுக்காரன் இருந்திருந்தால் விட்டிருப்பானா?

அக்கா: நியாயம்தான். கயிறு வேண்டாம். இதோ, அவிழ்த்துவிடுகிறேன். நீங்களே பிடித்துத் தராசில் வையுங்கள்.

(முதல் முடிச்சு அவிழ்கிறது. கொடுக்கு விரிந்து கேமரா வாரைக் கவ்வுகிறது. கல்லறை ரசிகர் இரண்டடி பின்னால் குதிக்கிறார், வார் வரவில்லை.)

வந்தவர்: அக்கா! கட்டுங்கள், கட்டுங்கள்! கயிற்றோடேயே எடை போடுங்கள்!

அக்கா: பழைய கயிறா, புதுக் கயிறா?

வந்தவர்: இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள்!

அக்கா: (தராசைப் பார்த்து) 1 கிலோ 300.