ஒரு காது தூங்குகிற பூனை

வெள்ளிக்கிழமை நான் போட்ட பதிவையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை, ஒரு வரியில் சொன்னால் இதுதான்: இங்கே நியூஜெர்சியில் என் மகளின் ப்ரீஸ்கூலில் ஹாலோவீன் (அக்டோபர் கடைசியில் வரும் பேய் வேடப் பண்டிகை) பார்ட்டிக்காகப் பிள்ளைகள் மடித்த காகிதப் பூனைகளை, உதவிக்கு வந்த அம்மாக்களில் யாரோ பிரித்துத் திரும்ப மடித்துவிட்டார். மூன்று பேர் இன்பாக்ஸில் வந்து "விடுங்க, பேப்பர் பூனைதானே" என்றார்கள். ஒரு அக்கா பொதுவிலேயே "ஓவர் சீன்" என்று எழுதிவிட்டுப் போனார். நானும் இரண்டு நாள் விட்டுத்தான் பார்த்தேன். துணி மடிக்கும்போதுகூட அந்தப் பூனைதான் ஞாபகத்துக்கு வருகிறது. சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. நாலு வயதுப் பிள்ளை மடித்த காகிதத்தைப் பெரியவர்கள் பிரித்துத் திரும்ப மடிக்காதீர்கள். ஹாலோவீன் பார்ட்டி வேண்டாம் என்றோ, ப்ரீஸ்கூல் மோசம் என்றோ, உதவிக்கு வந்த அம்மாக்கள் கெட்டவர்கள் என்றோ நான் எழுதவே இல்லை. சந்தேகம் இருந்தால் போய் இன்னொரு முறை படியுங்கள். மடித்ததைப் பிரிக்காதீர்கள். அவ்வளவுதான்.

காகிதம் மடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூனை முகம் ஒரிகாமியில் அரிச்சுவடி மாதிரி. கறுப்புச் சதுரத் தாளைக் குறுக்கே மடித்தால் முக்கோணம். நீளப் பக்கத்தைக் கீழே வைத்து, உச்சியைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு ஓரத்து மூலைகளையும் மேலே தூக்கித் திருப்பிப் போட்டால் பூனை வந்துவிடும். அதே முக்கோணத்தைத் தலைகீழாக வைத்து மூலைகளைக் கீழே தொங்கவிட்டால் நாய். ஆரஞ்சுச் சதுரத்தின் நாலு மூலையையும் பின்னால் மடக்கினால் பூசணி. விசிறி மடிப்பாக மடித்து நடுவில் இறுக்கினால் வௌவாலுக்கு இறக்கை. கண்ணும் மீசையும் வெள்ளை கிரேயானில். அந்த வயதுக்கு இவ்வளவுதான், இவ்வளவே அதிகம். இதில் பெரியவர்கள் கைவைக்க என்ன இருக்கிறது?

என் மகள் செய்த பூனைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. பாதி பூனை, பாதி நாய். வியாழக்கிழமை அழைத்துவரப் போனபோது மேசையில் இருந்ததைக் காட்டினாள். ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "இந்தக் காது தூங்குதும்மா."

மறுநாள் பார்ட்டியில் சுவர் முழுக்கப் பதினாலு பூனை. இட்லித் தட்டிலிருந்து எடுத்து வைத்த மாதிரி எல்லாம் ஒரே அச்சு. இருபத்தெட்டுக் காதும் விறைத்துக்கொண்டு நின்றன. ஒருவேளை பிள்ளைகளே திருத்தியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தத் தாள் மேலே மட்டும்தான் கறுப்பு, உள்ளே வெள்ளை. அழுத்தி மடித்துப் பிரித்தால் கோட்டில் சாயம் விட்டுப்போய் வெள்ளையாகத் தெரியும். என் மகளின் பூனைக்குக் காதடியில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது, பழைய மடிப்பு. புது மடிப்பு நகத்தால் நீவி நீவிச் செய்தது. நாலு வயது நகம் அப்படி நீவாது.

அவள் சுவருக்கு முன்னால் நின்று தேடினாள். டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பார்த்துவிட்டு "இது இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இப்போது உங்கள் கேள்விகள். "அவங்க லீவு போட்டு வந்து வேலை செஞ்சாங்க, நீங்க வந்தீங்களா?" வரவில்லை. எனக்கு லீவு இல்லை. சுவரில் ஒட்டியதற்கு நன்றி, சிலந்தி வலை தொங்கவிட்டதற்கு நன்றி, கப்கேக்குக்கும் நன்றி. காதை யார் கேட்டது?

"சின்ன வயசிலேயே நேர்த்தி கத்துக்கணும்" என்று ஒருவர். இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். மூலையோடு மூலை சேர்ப்பது நமக்குத்தான் சுலபம். நாலு வயதில் ஒரு கை மூலையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை மடிப்பை அழுத்த வேண்டும், கண் இரண்டையும் பார்க்க வேண்டும். அழுத்தப் போகும் நேரத்தில் மூலை நழுவும். அது நழுவ நழுவத்தான் கை பழகும். நேர்த்திதான் வேண்டுமென்றால் தாளைக் கவனியுங்கள். தடித்த கன்ஸ்ட்ரக்ஷன் பேப்பரைக் கொடுத்தால் மடிப்பு நிற்காமல் துள்ளிக்கொண்டு எழும்பும், பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். 15 சென்டிமீட்டர் ஒரிகாமித் தாள் மெல்லியது, சின்னக் கைக்குப் போதும். அதுவும் இல்லையா, பிரிண்டர் தாளைச் சதுரமாக வெட்டுங்கள். இதையெல்லாம் முன்கூட்டியே செய்யலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு செய்வதற்குப் பெயர் நேர்த்தி இல்லை, போட்டோவுக்கான ஏற்பாடு. அந்தப் போட்டோவுக்கு எத்தனை லைக் வந்தது என்று எனக்கும் தெரியும்.

அப்புறம் அந்த வழக்கமான கேள்வி. "நம்ம பிள்ளைகளுக்கு ஹாலோவீன் எதுக்கு? நம்ம கலாசாரம் என்ன ஆச்சு?" பிரச்சினை காதைப் பற்றி, இவர் கலாசாரத்தோடு வருகிறார். இருக்கட்டும். புது வீடு கட்டினால் பூசணிக்காயில் கண்ணும் பல்லும் வரைந்து வாசலில் கட்டுகிற ஊர்தானே நம்முடையது? ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் உடைத்து வைத்துவிட்டு, அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குப் பூசணியில் முகம் செதுக்கினால் மட்டும் அந்நியமா? அக்டோபர் கடைசி என்றால் எனக்கு ஐப்பசி அடைமழை. பழைய நோட்டுத் தாளைக் கிழித்து வாசல் தண்ணீரில் கப்பல் விட்ட மாதம். இங்கே நியூஜெர்சியில் அதே மாதத்தில் என் மகள் பூனை மடிக்கிறாள். எனக்கு இரண்டுக்கும் பெரிய தூரம் தெரியவில்லை.

கலாசாரம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். காகித மடிப்பைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குள் கொண்டுவந்தவர்களில் ஜெர்மனியின் ஃப்ரோபல் முக்கியமானவர். 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தாரே, அவர்தான். அந்த வழியில் வந்த மடிப்புப் பெட்டி ஒன்று, 200 வண்ணச் சதுரத் தாள்கள் கொண்டது, மதராஸ் மாகாணத்தில் சுந்தர ராவ் என்பவர் கைக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்து அவருக்குத் தோன்றியதுதான் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்றுக்கொடுக்கும் புத்தகம். 1893இல் மதராஸில் அச்சானது. ஃபீலிக்ஸ் க்ளைன் போன்ற பெரிய கணித மேதையே அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு அமெரிக்காவிலும் வந்தது. பிள்ளைகளின் மடிப்புத் தாளை அவ்வளவு மதித்துப் பார்த்த ஒரு மனிதர் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார். நாம் அதைப் பிரித்து நிமிர்த்தி போட்டோ எடுக்கிறோம்.

ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். மூன்றாம் வகுப்பில் கைவேலைக் கண்காட்சி. நான் தென்னங்கீற்றில் ஒரு பாம்பு பின்னியிருந்தேன். தாத்தா சொல்லிக் கொடுத்தது. தலை மட்டும் சரியாக வரவில்லை, கோழி மாதிரி இருந்தது. ராத்திரி அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் தூங்கிய பிறகு உட்கார்ந்து தீக்குச்சியில் ஒரு தேர் செய்துவிட்டார். பிரமாதமான தேர். முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியில் என் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அதில்தான் சாப்பிட்டேன். யாராவது "நீயே செஞ்சியா?" என்று கேட்டால் ஆமாம் என்பேன். பாம்பு என்ன ஆனது என்று தெரியாது. அடுப்பில்தான் போயிருக்கும். அப்பா பாசத்தில்தான் செய்தார், எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கப்புறம் நான் கீற்றைத் தொடவில்லை. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது.

அந்த அம்மாவும் பாசத்தில்தான் செய்திருப்பார் என்று சொல்ல வருகிறீர்கள். இருக்கலாம். பதினாலு பிள்ளைகள் மேலும் ஒரே ராத்திரியில் பாசம் பொங்கியிருக்கலாம்.

யாராவது தோண்டி எடுத்து வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வாசலில் அவள் போட்ட கோலத்தில் இரண்டு கோட்டை நான் அழித்துத் திரும்பப் போட்டேன். படம் என் டைம்லைனிலேயே இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் இருந்தாள், கேட்டுவிட்டுத்தான் செய்தேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகைக்குக் காகித வான்கோழி வருகிறது. பழுப்புத் தாளில் விசிறி மடித்து வால் ஒட்டுகிற வேலை. வாலண்டியர் பட்டியலில் நேற்று என் பெயரை எழுதிவிட்டேன், லீவும் கேட்டாயிற்று. ஓரமாக உட்கார்ந்து கோந்து மட்டும் எடுத்துக் கொடுப்பதாக உத்தேசம். கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். "ஓவர் சீன்" அக்கா, நீங்களும் வாருங்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காருங்கள்.