லட்சுமணன் கோடு கிழித்ததாக வால்மீகி சொல்லவில்லை

"லட்சுமணன் கிழித்த கோட்டைத் தாண்டியதால்தான் சீதை சிக்கினாள், வால்மீகியே எழுதியிருக்கிறார்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. வால்மீகியின் ஆரண்ய காண்டத்தில் கோடே கிடையாது.

அங்கே நடப்பது இதுதான்: சீதையின் கடுஞ்சொல் தாங்காமல் கிளம்பும் லட்சுமணன், "வனதேவதைகள் உன்னைக் காக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். துறவி வேடத்தில் வந்த ராவணனுக்குச் சீதை ஆசனமும் கால் கழுவ நீரும் கொடுத்து, சாப்பிடச் சொல்கிறாள். விருந்தினரை உபசரித்தவளை, இடக்கையால் கூந்தலைப் பற்றித் தூக்கிப் போகிறான் அவன். இதில் அவள் எந்த எல்லையை மீறினாள்? பழியை அவள் தலையில் கட்டுவது பெரிய அநியாயம்.

கம்பரிலும் கோடு இல்லை. அங்கே ராவணன் அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான்.

சரி, கோடு எங்கிருந்து வந்தது? பிற்கால ராமாயணங்களில்தான் வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் துளசிதாசர்கூட அதைச் சீதையைக் கடத்தும் இடத்தில் சொல்லவில்லை. லங்கா காண்டத்தில் மண்டோதரி வாயில் வைக்கிறார். அவள் இடித்துரைப்பதும் சீதையை அல்ல, அந்தச் சின்னக் கோட்டைத் தாண்ட முடியாத தன் கணவனைத்தான்.